ரேடியேட்டரை மாற்றியே ஆக வேண்டும்

பழைய காரில் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) வாராவாரம் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. எங்கேதான் போகிறது என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை, எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தால், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் இடத்தில் பச்சையாகக் காய்ந்த கறை, அடிப்பக்க ஃபின்கள் (சூட்டை வெளியேற்றும் மெல்லிய தகடுகள்) விரல் பட்டதுமே பொடிப்பொடியாக உதிர்கின்றன. சூட்டில் கசிந்து அங்கேயே ஆவியாகியிருக்கிறது.

சரி, இனி தள்ளிப்போட மாட்டேன். ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றினால் போதும் என்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடலாம். எஞ்சின் ஒரு தடவை கொதித்து சிலிண்டர் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வளைந்தால் ஆகும் செலவுக்கு முன்னால் ரேடியேட்டர் செலவு ஒன்றுமே இல்லை. அப்புறம், ஹோஸ், தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்து கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), ரேடியேட்டர் மூடி மூன்றையும் கூடவே மாற்றப்போகிறேன்.