மேசையோரத்து நீலப் பெட்டி

நான் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து சேர்ந்தது 2003 மார்கழியில். அடுத்த மாதமே பெரூஜா கழகத்திலிருந்து ஊர் அணியான பலேர்மோவுக்கு உதைபந்தாட்டக்காரர் ஃபாபியோ குரோஸ்ஸோவும் வந்தார். அப்போது அவரை எனக்குத் தெரியாது. தெரியவைத்தவர் நான் பராமரிக்கப் போன முதியவர். அந்த வீட்டில் எல்லாரும் அழைப்பதுபோல நானும் அவரை நோனோ என்றேன். தாத்தா என்று அர்த்தம்.

எனக்கு மொழி தெரியாது. நோனோவுக்கு உதைபந்தாட்டத்தை விட்டால் வேறு கதையில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் மருந்துப் பெட்டிகளை அடுக்கி அணியை நிறுத்திக் காட்டினார். பிரஷர் குளிசையின் நீலப் பெட்டிதான் குரோஸ்ஸோ, இடப்பக்க 'தெர்ட்சீனோ', அதாவது ஓரத் தடுப்பாட்டக்காரர். அதை மேசையின் இடது ஓரமாகவே தள்ளிக்கொண்டு போய் "சாலி, சாலி" என்பார். ஏறு, ஏறு. பந்து பறிபோனதும் சட்டென்று இழுத்து "தோர்னா!" என்பார். திரும்பி வா. அந்த இடத்தில் நிற்பவர் ஏறவும் வேண்டும், அதே வேகத்தில் திரும்பவும் வேண்டும். இத்தாலிய மொழியில் எனக்கு முதலில் பிடிபட்ட வினைச்சொற்கள் இவை. தண்ணீர்ப் போத்தல்களோடு மூன்றாம் மாடிக்குப் போகும்போதெல்லாம் 'சாலி' என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

குரோஸ்ஸோ சிறுவயதிலேயே பெரிய கழகங்களில் வளர்ந்தவர் அல்லர். கீழ்நிலை லீக்குகளில் தாக்குதல் பகுதியில் ஆடி கோல் அடித்துக்கொண்டிருந்தவரை, பெரூஜாவில் பயிற்றுநர் செர்சே கோஸ்மிதான் தடுப்பாட்டத்துக்கு மாற்றினார். இருபது வயது தாண்டியபிறகு புது வேலை பழகுவது சின்னக் காரியமில்லை. ஊரில் கடைக் கணக்கு எழுதிய நான் இங்கே ஒருவரைக் குளிப்பாட்டி உடைமாற்றப் பழகிய நாள்களில், நோனோ சொன்ன இந்தக் கதை எனக்குப் பெரிய துணை.

2004இலேயே பலேர்மோ, 31 ஆண்டுகளுக்குப் பிறகு நாட்டின் முதல்நிலை லீக்கான சீரி ஆவுக்கு ஏறியது. எங்கள் தெருவில் பல்கனிக்குப் பல்கனி அணியின் நிறங்களான இளஞ்சிவப்பும் கறுப்பும் தொங்கின.

2006 உலகக் கிண்ணத்துக்கு பலேர்மோவிலிருந்து நாலு பேர் போனார்கள்: குரோஸ்ஸோ, பர்சாலி, சக்கார்தோ, பரோனே. ஜூலை 4, டோர்ட்மண்டில் ஜெர்மனியோடு அரையிறுதி. வெக்கைக்கு யன்னல்களெல்லாம் திறந்து கிடந்தன. 119ஆவது நிமிடம், பிர்லோ திரும்பியும் பாராமல் தள்ளிவிட்ட பந்தை குரோஸ்ஸோ இடக்காலால் வளைத்து அடித்தார். தலையை ஆட்டியபடி "நோன் சி க்ரேதோ" என்று கத்திக்கொண்டே ஓடினார். நம்பேலாமல் இருக்கு! யாரும் மொழிபெயர்க்காமலே எனக்கு அது விளங்கியது. நோனோ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஐந்து நாள் கழித்து பெர்லினில் இறுதியாட்டத்தின் கடைசித் தண்ட உதையை அடித்துக் கிண்ணத்தை வென்று தந்தவரும் அவரே. ஜூலை 14 இரவு, ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் திருவிழாவில், நான் இந்த ஊர்க்காரன் என்று முதல் தடவையாக எண்ணிக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன்.

அந்தக் கோடையிலேயே அவர் இன்டர் மிலானுக்குப் போனார். பிறகு லியோன், யுவென்டஸ். நோனோவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பயிற்றுநரான பிறகு குரோஸ்ஸோ பட்ட பாடு எனக்கு அவருடைய கோலைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 2019இல் பிரேஷாவில் மூன்றே ஆட்டம், மூன்றிலும் தோல்வி, வேலை போயிற்று. 2023இல் ஃப்ரோசினோனே அணியை இரண்டாம்நிலை லீக்கான சீரி பி வெற்றியாளராக்கி மேலே ஏற்றினார். அதே வருடம் ஒக்ரோபரில், அவர் பயிற்றுநராக இருந்த லியோன் அணியின் பேருந்துக்கு பிரான்ஸின் மார்செயில் கல்லால் எறிந்தார்கள். அவருக்குக் கண்ணுக்கு மேலே காயம், முகமெல்லாம் இரத்தம். அந்தப் படத்தை பஸ்ஸில் இருந்து கைபேசியில் பார்த்தவன், இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். ஒரு மாதத்தில் அந்த வேலையும் போனது.

2025இல் சாஸ்ஸுவோலோ அணியோடு மறுபடி சீரி பி கிண்ணம், மறுபடி சீரி ஆ. வேலை முடிந்து வந்து அந்த ஆட்டங்களைப் பார்ப்பேன். கோட்டோரம் நின்று அவர் கையைக் காட்டிக் கத்துவார். என்ன சொல்கிறார் என்று கேட்காது. இடப்பக்கத்துப் பெடியன் பந்தோடு ஏறினால் "சாலி" என்று என் வாய்தான் சொல்லும். "ஆருக்கப்பா சொல்லுறியள்?" என்று மகள் கேட்பாள். நீலப் பெட்டியின் கதையை அவளுக்கு இன்னும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.