பாலையாவின் முகம்

நவம்பர் 1, 2024, வெள்ளி

தீபாவளிக்கு மறுநாள். எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் சிறப்பு நிகழ்ச்சிதான். நகைச்சுவைப் போட்டி ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். மேடையில் நின்ற பையன் பாதி வரிதான் சொல்லியிருப்பான். அதற்குள் ஒரு நடுவர் நாற்காலியிலிருந்து சரிகிறார், இன்னொருவர் மேசையைத் தட்டுகிறார், கேமராவும் பேசுகிறவனை விட்டுவிட்டு இவர்களையே சுற்றுகிறது. எனக்கும் சேர்த்து அவர்களே சிரித்துத் தீர்த்துவிட்டால் நான் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? எழுந்து போய் முறுக்கு டப்பாவைத் திறந்தேன்.

நவம்பர் 2, சனி

மதியம் மாமனார் கேட்டதற்காகக் ‘காதலிக்க நேரமில்லை’ போட்டோம். ஸ்ரீதர் 1964-ல் எடுத்த படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சி வந்ததும் வீட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். படம் எடுக்கப் பணம் வேண்டும், அதற்காக அப்பாவிடம் கதை சொல்கிறான் மகன். நாகேஷின் வாயிலிருந்து சத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்புகின்றன. எல்லோரும் அவரைத்தான் பாராட்டுவார்கள், அதில் தவறில்லை. ஆனால் இந்த முறை நான் வேண்டுமென்றே பாலையாவை மட்டும் பார்த்தேன். முதலில் எஸ்டேட் முதலாளிக்குரிய அலட்சியம். பிறகு கண் மட்டும் கொஞ்சம் அகலமாகிறது. அப்புறம் அந்தப் பெரிய உடம்பு தன்னை அறியாமல் உள்ளே ஒடுங்குகிறது. மனிதர் ஓர் இடத்தில்கூடச் சிரிப்பு மூட்ட முயல்வதில்லை. உண்மையாகவே பயப்படுகிறார். அதனால்தான் அறுபது வருடங்கள் கழித்தும் நமக்கு வயிறு வலிக்கிறது. பாலையா இல்லாத இடத்தில் அதே கதையை நாகேஷ் சொல்லியிருந்தால் அது வெறும் பலகுரல் வித்தையாகப் போயிருக்கும்.

நவம்பர் 4, திங்கள்

அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் வாழைப்பழப் பேச்சு. ‘கரகாட்டக்காரன்’ வந்தது 1989-ல். அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதியவர் ஏ. வீரப்பன் என்று சொன்னால் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே புதிது. இன்னொரு பழம் எங்கே என்று கவுண்டமணி கேட்கும்போது செந்தில் சொல்லும் பதிலை எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் கவுண்டமணி காட்டும் பொறுமை. கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர், கணக்கு வாத்தியார்போல நிறுத்தி நிதானமாக விசாரிக்கிறார். அந்த விசாரணை நீள நீளத்தான் அடி விழும்போது நமக்குத் திருப்தி. துண்டு துண்டாக வெட்டி ஒளிபரப்பும் நகைச்சுவை அலைவரிசைகளில் இந்த நீளத்தைத்தான் முதலில் நறுக்கிவிடுகிறார்கள்.

நவம்பர் 6, புதன்

வடிவேலு விஷயத்தில் மகளுக்கும் எனக்கும் தகராறே கிடையாது. ஆனால் அவள் ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தை முழுதாகப் பார்த்ததில்லையாம்! அதில் வடிவேலு ஏற்ற நேசமணியை மட்டும் தெரியும். 2019-ல் ஒரு முகநூல் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டார்கள். தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், காண்டிராக்டர் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்றும் சேர்த்து எழுதினார். உடனே உலகமே அவருக்காகப் பிரார்த்தனை செய்தது. 2001-ல் வந்த படத்தில் விழுந்த அடிக்குப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து நலம் விசாரிப்பு. மீம்களில் ஓடுவதும் பெரும்பாலும் அடி வாங்கிய முகங்கள்தான். அடித்தவர் முகத்தை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை.

நவம்பர் 8, வெள்ளி

இரவு ‘தில்லு முல்லு’. இந்தியில் ரிஷிகேஷ் முகர்ஜி எடுத்த ‘கோல்மா’லை 1981-ல் பாலசந்தர் தமிழுக்குக் கொண்டுவந்தார். மீசை வைத்தவன் அண்ணன், மீசை இல்லாதவன் தம்பி என்று ரஜினி அவிழ்த்துவிடும் புளுகை முதலாளி தேங்காய் சீனிவாசன் அப்படியே நம்புகிறார். நம்புகிற முகம் பலமாக இருப்பதால்தான் புளுகும் நிற்கிறது. இந்தியில் உத்பல் தத் செய்ததும் அபாரமானதே. யார் உசத்தி என்று மாமனார் கேட்டார். தேங்காய்தான் என்றேன். சொந்த மொழிப் பாசம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

டெல்லி கணேஷ் நேற்று இரவு காலமாகிவிட்டார். வயது 80. காலையில் செய்தியைப் பார்த்ததும் மாமனார் வெகுநேரம் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். விமானப் படையில் வேலை பார்த்தவர், டெல்லியில் நாடகம் போட்டவர், 1977-ல் ‘பட்டினப் பிரவேசம்’ மூலம் சினிமாவுக்கு வந்தவர். நானூறுக்கும் மேற்பட்ட படங்கள்.

இந்த வாரம் முழுக்க நான் யாரையெல்லாமோ எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பேசுவதைக் கேட்டு முகத்தில் வாங்கிக்கொள்கிற வேலைக்கென்றே பிறந்தவர் இவரல்லவா! ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டு மணி ஐயர், சமையல்காரக் காமேஸ்வரனின் வளர்ப்புத் தந்தை. கமலுக்கு நான்கு வேடம், கிரேசி மோகனின் வசனம் மூச்சுவிட இடம் கொடுக்காது, போதாக்குறைக்கு நாகேஷ், ஊர்வசி, எஸ்.என். லட்சுமி. அந்த நெரிசலில் தனக்கென்று ஒரு கைதட்டலை இழுத்துக்கொள்ளப் பார்க்காமல், வளர்த்த பிள்ளைக்கு வரும் சங்கடத்தையெல்லாம் தன் நெற்றிச் சுருக்கத்தில் வாங்கிக்கொள்வார். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்த கதை சமையல்காரக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய மானப் பிரச்சினை என்பதை நாம் நம்ப வேண்டுமே. நம்பாவிட்டால் அங்கே நகைச்சுவையே கிடையாது.

சாயங்காலம் அந்தப் படத்தையே போடலாம் என்று முடிவாகியிருக்கிறது. மகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்: நடிகர்கள் பேசுவதற்கு முன்பு தாத்தா வசனத்தைச் சொல்லிவிடக் கூடாது. ‘சரி’ என்று தலையாட்டிவிட்டுக் காபி குடித்துக்கொண்டே காமேஸ்வரன் வசனத்தை மலையாள வாடையோடு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார் மாமனார்.