நேற்றுப் பூ

"இது நேற்றுப் பூடா" என்றார் அம்மா, கணினித் திரையை எட்டிப் பார்த்து.

இன்று விடியற்காலை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் எடுத்த படம். அப்போதுதான் வந்து இறங்கிய மல்லிகை. குண்டு பல்பு வெளிச்சத்தில் பழுத்துப்போயிருந்தது.

நல்லவேளை, ரா கோப்பு, கேமரா பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் வகை. ஜேபெக் என்றால் நிறத்தை இவ்வளவு இழுக்க முடியாது.

படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒயிட் பேலன்ஸ் சொட்டுக்குழாயை மொட்டின் மேல் வைத்து அழுத்தினேன். தொட்ட இடத்தில் நிறச்சாயலே இல்லை என்று எடுத்துக்கொண்டு படம் முழுவதன் நிறத்தையும் மாற்றும் கருவி அது. பூ வெளுத்தது, கட்டிக்கொண்டிருந்த அக்காவின் முகம் ஊதா பாரித்துவிட்டது.

மொட்டு தூய வெள்ளை இல்லையே, இளம்பச்சை ஓடியது. மென்பொருளுக்கு அது எங்கே தெரியும்? ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய எனக்கே தெரியவில்லை.

சாம்பல் நிறத்தில் எதையாவது தேடுங்கள். நான் சிமெண்டுத் தரையில் அழுத்தினேன். முகமும் பூவும் ஒன்றாகத் திரும்பி வந்தன.

அம்மா மறுபடி எட்டிப் பார்த்தார்.

"முழம் என்ன விலை சொன்னாள்?"