காணி விட்டாச்சு, உறுதி எங்கே?

யாழ்ப்பாணத்தில் மயிலிட்டிப் பக்கம் ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்டும் கையில் உறுதி (காணிப் பத்திரம்) இல்லாமல் நிற்கிற ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆமி வேலியை எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்கவேண்டாம், கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிற வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

1990 ஆனியில் மயிலிட்டியும் சேர்ந்த வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது அம்மா உறுதிகளை ஒரு சூட்கேசில் போட்டுக் கொண்டுவந்தா. 1995 ஐப்பசியில் வலிகாமமே தென்மராட்சிக்கு வெளிக்கிட்ட இரவு, நாவற்குழிப் பக்கம் சனத்துக்குள் நெரிபட்டதில் அந்தச் சூட்கேஸ் போய்விட்டது. பிறகு முகாம், அது விட்டு இன்னொரு முகாம். 2013 சித்திரையில் 6,381 ஏக்கரை அரசாங்கம் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம்! உரிமையாளர்கள் எல்லாம் மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் தகரக் கொட்டிலுக்குள் இருக்கிறோம். அதை எதிர்த்து 2,000 பேருக்கு மேல் வழக்குப் போட்டார்கள். எங்களிடம் காட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லை, அதனால் எங்கள் பெயர் அதில் இல்லை.

2018 சித்திரையில் விட்ட 683 ஏக்கருக்குள் எங்கள் காணியும் வந்தது. போய்ப் பார்த்தால் வீடில்லை, மதிலில்லை, ஒழுங்கைகூட இல்லை. புல்டோசரால் இழுத்துச் சமப்படுத்திய வெளியில் தூர்ந்துபோன கிணறுகள்தான் அங்கங்கே மிஞ்சியிருந்தன. சீமெந்து காயமுதல் அப்பா ஆணியால் கீறிவிட்ட 1979 ஒரு கிணற்றுக் கட்டில் அரைவாசி அழிந்து கிடந்தது, 9 இரண்டும் தெரிந்தன. அதை வைத்துத்தான் இது எங்கள் வளவு என்று பிடித்தோம்.

கிணற்றைக் காட்டினால் காணிப் பதிவுக் கந்தோரில் எடுபடுமா? "உறுதி இலக்கம் இல்லாமல் என்னெண்டு தேடுறது? நொத்தாரிசு ஆர்? திகதி என்ன?" என்று தலை நிமிராமலே கேட்டார் அங்கிருந்த எழுதுநர். அம்மாவுக்கு உறுதி எழுதிய நொத்தாரிசின் வெற்றிலைத் தட்டம்வரை ஞாபகம் இருக்கிறது, இலக்கம் இல்லை. "அப்ப உறுதியோட வாங்கோ" என்றார். உறுதி தொலைந்ததால்தானே ஐயா வந்திருக்கிறோம் என்றதற்குப் பதில் இல்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு பகல் போனதுதான் மிச்சம்.

வெளியே தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒரு வயதான தரகர்தான் வழி சொன்னார். உங்கள் உறுதி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே தாய்க்காணியிலிருந்து பிரிந்த சகோதரங்களின் உறுதி ஏதும் இருக்கிறதா பாருங்கோ, அதில் பதிவு முத்திரைக்குள் ஏட்டின் பாகமும் பக்கமும் எழுதியிருக்கும், அதைக் கொடுத்தால் தோம்பு, அதாவது காணிப் பதிவேட்டில் இருக்கிற விபரம், எடுக்கலாம் என்றார். இதை உள்ளே இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தாத்தா அந்தக் காணியை இரண்டாகப் பிரித்து அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீதனமாக எழுதியவர். பெரியம்மாவின் உறுதி பிரான்சில் அண்ணாவிடம் இருந்தது. அண்ணா வாட்ஸ்அப்பில் முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்ப, முத்திரை பின்பக்கத்தில். இரவு நேர வித்தியாசத்துக்குள் அவரை எழுப்பி மற்றப் பக்கமும் வாங்கி, கொமினிக்கேசன் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு பிள்ளை இருந்தா. முகம் சுளிக்காமல் ஏட்டை எடுத்துவந்து, பொடிந்துகொண்டிருந்த தாள்களை மெல்லப் புரட்டிப் பார்த்தா. அம்மாவின் பெயர் இருந்தது! ஒரு எழுத்துப் பிழையோடுதான், ஆனாலும் இருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது "நான் பொய்யே சொன்னனான்?" என்று என்னைத்தான் ஏசினா.

அந்த எழுத்துப் பிழையைச் சும்மா விடாதேங்கோ. அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் தோம்பில் ஒரு மாதிரியும் இருந்தால் வீட்டுத்திட்டத்துக்குக் கொடுக்கிறபோது திருப்பி அனுப்புவார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, உறுதிப்படுத்திய தோம்புப் பிரதியோடு சேர்த்து வையுங்கோ. கிராம சேவகர் கடிதம் பிரச்சினை இல்லாமல் கிடைத்தது.

நில அளவைதான் அடுத்த இழுபறி. எல்லைக்காரர் நிற்கவேண்டும் என்றார் சேவையர். கிழக்கு எல்லைக்காரர் கனடாவில், மேற்கில் பெரியம்மாவின் துண்டு. வெளிநாட்டில் இருப்பவர் தனக்குப் பதிலாக நிற்க ஆருக்காவது அற்றோணித் தத்துவம் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதென்றால் அங்கே ஒப்பமிட்டால் மட்டும் போதாது, தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும், இங்கேயும் பதியவேண்டும். அது தெரியாமல் அண்ணா முதலில் அனுப்பியது வீண். கனடாக்காரர் வீடியோவில் வந்து "அந்தப் பூவரசுக்கு இங்கால எல்லாம் உங்கட" என்றார், பூவரசு எங்கே இருக்கிறது இப்போது! கடைசியில் அவருடைய பழைய பிளானில் இருந்த கிணற்றுத் தூரத்தை வைத்து அளந்து, தோம்பில் இருந்த நாலு பரப்புக்கு (கால் ஏக்கர்) சரியாக வந்தது.

அக்காவின் காணி இன்னும் வேலிக்கு உள்ளே இருக்கிறது. விடும்வரை பார்த்துக்கொண்டிராமல் அதற்கும் தோம்பு எடுத்தாயிற்று, பிரதி ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம், படம் பிரான்சில். விடுபடாத ஆட்களும் இப்பவே எடுத்து வையுங்கோ. ஏடுகளும் பழசாகிக்கொண்டுதான் போகின்றன.