அம்பாசடர் வாட்டர் பம்ப்: பெல்ட் இழுப்பைக் குறைத்தேன், கசிவு நின்றது

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். புது பம்ப் மாட்டிய கொஞ்ச நாளிலேயே அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிடும். என் வண்டி இந்தக் கோடை முழுக்க ஓடியும் அந்த ஓட்டை காய்ந்தே இருக்கிறது. பம்ப் அதே ரகம்தான், பெல்ட்டைத்தான் மாற்றி அமைத்தேன்.

ஆல்டர்னேட்டர் புல்லி சின்னது, பெல்ட்டுக்குப் பிடிப்பு குறைவு. ஹெட்லைட் போட்டால் வழுக்கிக் கீச்சிடும், உடனே கம்பியைக் கொடுத்து நெம்பி இறுக்கிவிடுவார்கள். சத்தம் நிற்கும், ஆனால் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அந்த இழுப்பு பம்ப் பேரிங் மேல்தான் விழும். பேரிங் லேசாக ஆட ஆரம்பித்தாலே தண்ணீரைத் தடுக்கும் சீல் போச்சு.

முழு உயிரையும் வாங்கியது புல்லிகளை ஒரே நேர்கோட்டில் கொண்டுவருகிற வேலைதான். ஸ்கேலை முகப்பில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றும், ஏனென்றால் கிராங்க், பம்ப், ஆல்டர்னேட்டர் மூன்றின் விளிம்புத் தடிமனும் வேறுவேறு. பார்க்க வேண்டியது பள்ளத்தின் நடுவை. பள்ளத்தின் இரண்டு சரிவிலும் சமமாக உட்காரும் நேரான உருட்டுக் கம்பி ஒன்றை கிராங்க் புல்லியில் பதித்து ஆல்டர்னேட்டர் பக்கம் நீட்டினால், கம்பி 4 மி.மீ. விலகி விளிம்பில் ஏறி நின்றது! பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் ஏன் பளபளவென்று தேய்ந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வாஷர் அடுக்காதீர்கள், இறுக்கும்போது சாய்ந்துவிடும். லேத்தில் ஒரே துண்டாக ஸ்பேசர் கடைந்து போட்டேன், கம்பி கச்சிதமாக உட்கார்ந்தது.

அப்புறம் உள்பக்கம் பல் வெட்டிய பெல்ட். சின்னப் புல்லியில் நன்றாக வளைந்து பிடிப்பதால் இறுக்கம் குறைவாகவே போதும், நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்குகிறது. பம்ப் மூக்கில் பாரமாகத் தொங்கிய இரும்பு விசிறியையும் கழற்றிவிட்டு, சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடையில் எடுத்த மாருதி 800 எலக்ட்ரிக் ஃபேனை ரேடியேட்டரில் மாட்டியிருக்கிறேன். அங்கே வாங்கும்போது பேட்டரி வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், உள்ளே மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்தது நிறைய வருகிறது.

ஃபேனுக்கு இன்னும் டாஷ்போர்டு சுவிட்ச்தான், ரேடியேட்டர் சூட்டில் தானாக ஓடுகிற சுவிட்ச் இனிமேல்தான் வைக்க வேண்டும். ஆல்டர்னேட்டருக்குக் கொஞ்சம் பெரிய புல்லி போட்டுப் பார்க்கவும் ஆசை, பெல்ட்டை இன்னும் தளர்த்தலாம். ஐடிலில் சார்ஜ் குறையும், இப்போது ஃபேனும் கரண்ட் இழுக்கிறது, அதனால் முதலில் சார்ஜ் எவ்வளவு என்று பார்க்க ஒரு ஆம்மீட்டர் வாங்கப் போகிறேன்.