அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு

நான்கு திசையிலும் வாசல். எந்த வழியாக நுழைந்தாலும் படியிறங்கித்தான் குளத்தை அடைய வேண்டும். எல்லோருக்கும் திறந்த இடம், பணிவோடு வர வேண்டிய இடம் என்பதையே இந்த அமைப்பு சொல்கிறது.

செருப்பை வெளியே இலவசக் காப்பகத்தில் கொடுத்து டோக்கன் வாங்குங்கள். வாசலில் ஓடும் தண்ணீரில் கால் நனைத்து நுழையுங்கள். தலையை மூடக் கைக்குட்டை போதாது, நழுவிவிடும். பெரிய பருத்தித் துணியைப் பின்னால் முடிச்சிட்டுக் கட்டுங்கள். சிகரெட், புகையிலை பையில்கூட இருக்கக் கூடாது. குளத்தை வலமாகச் சுற்றுங்கள். களைத்து உட்காரும்போது பலர் காலைக் குளத்துக்குள் தொங்கவிடுகிறார்கள். அது பெரிய அவமரியாதை, சம்மணமிட்டு உட்காருங்கள்.

1604இல் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தம் இங்கே வைக்கப்பட்டது. சீக்கிய குருமார்களின் பாடல்களோடு கபீர், நாமதேவர், ரவிதாசர், சூஃபி ஃபரீத் பாடல்களும் அதில் உண்டு. கருவறையில் நாள் முழுக்க ஒலிக்கும் கீர்த்தனை அந்தப் பாடல்கள்தான். அவசரமில்லாமல் உட்கார்ந்து கேளுங்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது.

இங்கே தரும் இனிப்பான கடா பிரசாதத்தில் கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவு. இரு கையையும் ஏந்தி வாங்குங்கள். எல்லோருக்கும் இலவசமாக உணவளிக்கும் லங்கரில் ரொட்டிக்கும் அப்படித்தான். கேட்டு வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள். சாப்பிட்டதும் பாத்திரம் கழுவும் இடத்தில் அரை மணி நேரம் நின்று நீங்களும் கழுவிக் கொடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இரவில் கிரந்தத்தைப் பல்லக்கில், வளாகத்திலேயே உள்ள சீக்கியத் தலைமைப் பீடமான அகால் தக்த்துக்குக் கொண்டுபோவார்கள். நேரம் பருவத்துக்கேற்ப மாறும், அன்றே விசாரித்துக்கொள்ளுங்கள்.