பக்க வெயிலில் படிக்கும் கல்லெழுத்து

கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் கை பரபரக்கும். கொடியை இழுக்கத் தோன்றும், பாசியைச் சுரண்டத் தோன்றும். கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். கல்லைத் தொடும் முன்பே பாசி, விரிசல், சாய்வு எல்லாவற்றோடும் படம் எடுத்துவிட வேண்டும். சுத்தம் செய்யும்போது ஓர் எழுத்து உதிர்ந்துவிட்டால், அது இருந்ததற்கு அந்தப் படம்தான் சாட்சி.

தேய்ந்த எழுத்தை வெளிக்கொண்டு வருவது வெளிச்சம். வெயில் நேருக்கு நேர் விழுந்தால் கல் வெறும் பலகையாகத் தெரியும். முகத்தை உரசியபடி பக்கவாட்டில் விழுந்தால் பள்ளங்களில் நிழல் தேங்கி எழுத்து எழுந்து நிற்கும். கிழக்கு பார்த்த கல்லுக்கு, நண்பகலை ஒட்டி வெயில் முகத்தைவிட்டு விலகப்போகும் சற்று நேரம்தான் தோது. மரநிழலில் நிற்கும் கல்லுக்கு ஆளுயரக் கண்ணாடி வேண்டும். உதவிக்கு ஓர் ஆள் வெயிலில் நின்று 10 முதல் 20 டிகிரி சாய்வில் ஒளியைப் பாய்ச்ச வேண்டும்.

ஒரே பக்க ஒளியை நம்பக் கூடாது. பக்கவாட்டு ஒளியில் படுக்கைக் கோடுகள் மங்கும், மேலிருந்து வரும் ஒளியில் நெடுக்கைக் கோடுகள் மங்கும். 7-இன் மேல்கோடு காணாமல் போய் 1 ஆகிவிடும். இறந்த ஆண்டே மாறிப்போகும். கேமரா முக்காலியை அசைக்காமல் இடம், வலம், மேல் என மூன்று ஒளியிலும் எடுப்பது நல்லது. லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, கேமரா கல்லுக்கு இணையாக, ஓரத்தில் ஓர் அளவுகோல்.

எழுத்தில் சாக்பீஸோ ஷேவிங் க்ரீமோ பூசிப் படிக்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. க்ரீமில் உள்ள ஸ்டியரிக் அமிலம் சலவைக்கல்லுக்கு ஆகாது. கழுவினாலும் நுண்துளைகளில் மிச்சம் தங்கிவிடும். ப்ளீச் அதைவிட மோசம். அன்றைக்குக் கல் பளிச்சென்று இருக்கும். உள்ளே இறங்கிய உப்பு பின்னால் படிகமாகும்போது மேல்தோல் செதில் செதிலாகக் கழன்று விழும். கம்பித் தூரிகை, பிரஷர் வாஷர் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் சத்தம் வந்தால் உள்ளே பிளந்திருக்கிறது, அந்தக் கல்லை விட்டுவிட வேண்டும். சர்க்கரை போல் உதிரும் சலவைக்கல்லையும் அப்படியே. கெட்டியான கல்லுக்குத் தண்ணீரும் மென்மையான நைலான் தூரிகையும் போதும். நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த பகுதியில் வழிந்து தாரை தாரையாகக் கறை பிடிக்கும்.

சாய்ந்த கல்லின் அடியில் உட்கார்ந்து படம் எடுக்கவே கூடாது. 120 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. கனமுள்ள கருங்கல் பலகை கிட்டத்தட்ட 195 கிலோ. உடைந்ததைச் சிமென்ட் வைத்துப் பூசுவதும் பரிவோடு செய்யும் கேடுதான். மணற்கல், சுண்ணக்கல்லைவிடச் சிமென்ட் கெட்டி, ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. அடுத்த விரிசல் பூச்சில் விழாமல் கல்லில் விழும். அங்கே சுண்ணாம்புச் சாந்துதான் சரி.

செல்போன் ஜிபிஎஸ் 3, 5 மீட்டர் தள்ளிக் காட்டும். அதற்குள் நாலு கல்லறை அடங்கிவிடும். வரிசை எண், கல் எண்ணோடு கையால் ஒரு வரைபடம் போட்டு, அதே எண்ணைப் படக் கோப்புக்கும் வைக்க வேண்டும். வாசகத்தைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழையைத் திருத்தக் கூடாது, வரி முறியும் இடத்திலேயே முறிக்க வேண்டும். 1-ஆ 7-ஆ என்று தெரியாத இடத்தில் இரண்டையும் எழுதி, எந்த ஒளியில் பார்த்தது என்றும் குறித்தால் போதும். அடுத்து வருகிறவர் வேறொரு வெயிலில் பார்த்துக்கொள்வார்.